வரைபடக்காரியின் வாசலில்

மார்ச் 3, செவ்வாய்

சாப்பாட்டு மேசையில் பாதி பறிபோய்விட்டது. ஒரு கணினி, ஒரு பெரிய திரை, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய ஒரு கருவி. அதற்குப் பெயர் கன்ட்ரோலராம். எல்லாவற்றையும் வைத்துவிட்டு மருமகள் சொன்னாள்: "அத்தை, ஒரு உதவி. எங்க கேமைக் கொஞ்ச நாள் ஆடிப் பாருங்க. கேம் பக்கமே போகாத ஒருத்தர் ஆடிப் பார்க்கணும். வர்றேன்னு சொன்னவர் வரலை."

எழுபத்தொரு வயதில் எனக்கு விளையாட்டு!

மகன் செய்தித்தாளை இறக்காமலே, "அம்மாவா? ரெண்டே நாள்ல கேம் மன்னிப்பு கேட்டுட்டு ஓடிடும்" என்றான். அவன் சிரித்த சிரிப்புக்காகவே ஒப்புக்கொண்டேன்.

விஷயம் சிறியதல்ல. ஆறு பேர் சேர்ந்து ஐந்து வருடமாக இந்த விளையாட்டைச் செய்கிறார்கள். அதை வெளியிடப்போகும் நிறுவனத்தார் 27ஆம் தேதி வந்து ஆடிப் பார்ப்பார்கள். பிடித்தால் வேலை தொடரும். பிடிக்காவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். மருமகள் தன் பழைய வங்கி வேலைக்குத் திரும்ப வேண்டும். வங்கியிலிருந்து ஏற்கெனவே கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். வங்கி வேலை நல்ல வேலைதான். நான் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே அவளுக்குக் கேட்டுவிடுகிறது.

மார்ச் 4, புதன்

முதலில் நம் ஆளை நாமே செய்துகொள்ள வேண்டும். மூக்கை நீட்டலாம், தாடையைக் குறைக்கலாம். பெண்களுக்குக் கொடுத்திருக்கும் கவசம் வயிற்றை மூடவில்லை. ஈட்டி முதலில் எங்கே பாயும் என்று ஆறு பேரில் ஒருவருமா யோசிக்கவில்லை? வைத்தியர் தொழிலை எடுத்துக்கொண்டேன். அவர்களுக்காவது முழுக்கை அங்கி இருக்கிறது. நரைத்த முடி ஆண்களுக்கு மட்டுமே உண்டாம். கண்டித்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பெயர் கேட்டது. முன்பின் தெரியாத ஒன்றிடம் பெயரை எதற்குச் சொல்வது? காலியாக விட்டேன். 'வழிப்போக்கர்' என்று அதுவே வைத்துக்கொண்டது. பரவாயில்லை, 'ர்' போட்டிருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

இடது கட்டைவிரல் நடப்பதற்கு, வலது கட்டைவிரல் பார்ப்பதற்கு. வெகுநேரம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து கிணற்றில் விழுந்தேன். மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

கிணற்றில் ஏணி இருக்கிறது. அந்த மட்டும் நல்லது.

மார்ச் 7, சனி

"நல்லா இருக்கு, நல்லா இல்லைன்னு சொல்லாதீங்க அத்தை. என்ன பார்த்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்கிறாள். சரி, பார்த்ததைச் சொல்கிறேன்.

வரைபடம் முழுக்க மூடுபனி. நாம் நடக்க நடக்க அந்த இடம் மட்டும் தெளிகிறது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம், யாரும் தடுப்பதில்லை. இது எனக்குப் பிடித்தது. இத்தனை வயதில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போ என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் இந்தக் கணினிதான்.

மழை அருமை. முதலில் இலைகளில் சத்தம், பிறகுதான் தரை நனைகிறது. செய்தவர் மழையை உட்கார்ந்து கவனித்திருக்கிறார். யார் என்று கேட்டேன். "நான்தான் அத்தை" என்றாள். 

ஓநாய்கள் அதிகம். குதிரை பேச்சுக் கேட்பதில்லை. சத்திரத்துப் பலகையில் ஒற்றுப்பிழை.

மார்ச் 9, திங்கள்

ஆற்றுப் பாலம் உடைந்து கிடக்கிறது. மலைக்கணவாய் வழியாகத்தான் இனிப் போக முடியும். கணவாயின் படம் வரைபடக்காரி வீட்டில் இருக்கிறது என்று செருப்புத் தைப்பவர் சொன்னார். ஊர்க்கோடியில் நீலக் கதவு போட்ட வீடு. பட்டனை அழுத்தினேன். என் ஆள் கதவைத் தட்டும் என்று நினைத்தேன். கதவு அப்படியே திறந்துகொண்டது. உள்ளே யாரும் இல்லை. மூலையில் ஒரு பெட்டி. 'எடுக்க, அழுத்தவும்' என்று அதன்மேல் எழுத்து மின்னுகிறது.

நன்றாயிருக்கிறது! ஆளில்லாத வீட்டில் பெட்டியைத் திறப்பதா? வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுப் படியருகே நின்றேன். வீட்டுக்காரி வரட்டும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கான்வென்ட்டில் மதர் சுப்பீரியர் அறைக்கு வெளியே நிற்க வைத்துப் பழக்கிய கால்கள் இவை.

மார்ச் 10, செவ்வாய்

மத்தியானம் முழுக்க நின்றேன். வரவில்லை.

மார்ச் 11, புதன்

இன்றும் இல்லை. நிற்கும்போது நிறைய தெரிகிறது. எதிர்வீட்டுக் கூரையில் ஒரு பூனை இருக்கிறது, இறங்குவதே இல்லை. தண்ணீர்க் குடத்தோடு போகிற பெண் குடத்தை எங்கேயும் இறக்குவதில்லை. போகிறாள், வருகிறாள், போகிறாள். அந்தி சாய்ந்ததும் நீலக் கதவுக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. புகைபோக்கியில் புகை. நின்ற இடத்திலிருந்தே ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆள் இல்லை. யார் மூட்டிய அடுப்பு?

மகன் பின்னால் வந்து நின்று, "மூணு நாளா யார் வீட்டு வாசல்லம்மா நிக்கறீங்க? பொண்ணு கேட்கவா?" என்றான்.

"உனக்குப் பார்த்த மாதிரி நல்ல பொண்ணா இருந்தா கேட்பேன்" என்றேன். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் சற்று நின்று, மறுபடி தொடங்கியது.

மார்ச் 13, வெள்ளி

மருமகளின் கூட்டாளி வந்திருந்தான். எல்லாரும் அவனைத் தாடி என்கிறார்கள். வீடுகள், கடைகள், பூட்டு, பெட்டி எல்லாம் அவன் பொறுப்பு. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"அம்மா, உங்க மெஷின்ல கேம் உறைஞ்சு போகுது. பதிவு பார்த்தோம். மூணு நாளா ஆள் அசையவே இல்லை. நேத்து காலையிலேருந்து ரெண்டு பேர் உட்கார்ந்து எங்க தப்புன்னு தேடறோம். அந்த வாசலுக்கு வந்ததும் நின்னுடுது."

"எதுவும் உறையலை. நான்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

"எதுக்கு?"

"வீட்டுக்காரம்மா வரட்டும்னு."

அவன் மருமகளைப் பார்த்தான். மருமகள் என்னைப் பார்த்தாள்.

"அப்படி ஒரு ஆளே இல்லைம்மா. பேர் மட்டும்தான் வெச்சோம். எல்லாரும் உள்ள போவாங்க, எடுப்பாங்க, போயிட்டே இருப்பாங்க."

"அப்படி எடுக்கறதுக்கு வேற பேர் இருக்கு."

"இது கேம்மா!"

"அப்போ அடுப்பு ஏன் எரியுது?"

தாடிக்குள் ஏதோ முனகினான். ஒரு முழு நாளை வீணடித்துவிட்டேன் என்று அவனுக்கு எரிச்சல். நியாயமான எரிச்சல்தான். தலைக்கு மேல் தேதி தொங்குகிறது.

மார்ச் 14, சனி

இனி அதைத் தொடப்போவதில்லை.

மூணு நாள்! இல்லாத ஒருத்திக்காக மூணு நாள் மழையில நின்னிருக்கேன். எனக்கென்ன பைத்தியமா? என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த அப்புறம் நான் யாருக்காகவும் வாசலைப் பார்த்ததில்லை. சாயந்தரம் ஆனா காது தானா தெருவுக்குப் போகும், அதைக்கூட அடக்கிப் பழகிட்டேன். போயும் போயும் ஒரு பொம்மை ஊரு என்னை மறுபடி நிக்க வெச்சிடுச்சே —

கோபம் தாடி மேல் இல்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

மருமகள் இரண்டு டம்ளர் டீயோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். டீயை ஆற்றிக் குடித்தோம். பிறகு அவளே சொன்னாள்.

இதுவரை ஆடிப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்களாம். ஊர் அழகு, மழை அழகு, ஆனால் ஏதோ வெறிச்சென்று இருக்கிறது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இவர்கள் மரம் சேர்த்தார்கள், ஆட்களைச் சேர்த்தார்கள், இன்னும் நாலு ஓநாய் சேர்த்தார்கள்.

"அத்தனை பேரும் ஓடிட்டே இருந்தாங்க அத்தை. நீங்கதான் நின்னீங்க. அந்த ஊர்ல யாருமே வீட்டுக்குத் திரும்பறதில்லைன்னு நீங்க நின்னதுலதான் தெரிஞ்சது."

"அதுக்கு இப்ப என்ன செய்யப்போற?"

"வரைபடக்காரியை வரவைக்கப் போறேன்."

தாடி கூடாது என்கிறானாம். தேதி நெருங்கும்போது புதிதாக ஒன்றைச் சேர்த்தால் இருப்பதும் கெடும், காத்திருந்து பார்க்கப்போகிறவர் ஒருவரும் இல்லை என்கிறான். அவன் சொல்வதும் சரிதான். அவளிடம் அதைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வங்கிக்குப் போறதுன்னா இதைப் பண்ணிட்டுப் போறேன்."

மார்ச் 19, வியாழன்

வரைபடக்காரி திரும்பி வந்து பேச வேண்டியதை எழுதிக் கொடுக்கட்டுமா என்று நானே கேட்டேன். காலை முழுக்க எழுதினேன். "வணக்கம், வழிப்போக்கரே. தாங்கள் யார்? என் இல்லத்தின் வாயிலில் தாங்கள் காத்திருப்பதன் நோக்கம் யாது?"

மருமகள் இரண்டு தடவை படித்தாள். "அத்தை, பொழுதெல்லாம் மலையேறி அளந்துட்டு, காலெல்லாம் சேறா வீட்டுக்கு வர்றவ. இப்படியா பேசுவா?"

"மரியாதையா பேசுவா."

"மேடை ஏறிப் பேசற மாதிரி இருக்கு."

மகன் படித்துவிட்டு இருமல் வந்ததுபோல எழுந்து போனான். அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மறுபடி படித்தபோது எனக்கே சகிக்கவில்லை. இனி அவளே எழுதட்டும்.

மார்ச் 21, சனி

வங்கியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். மாதக் கடைசியில் பதில் சொல்வதாகச் சொன்னாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. செல்போனை வைத்த பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

"ஒரு தடவை பார்த்துடுங்க" என்று கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தாள். நீலக் கதவின் முன் நின்றேன். மழை. பூனை இப்போது கூரையிலிருந்து இறங்கித் திண்ணையில் படுத்திருக்கிறது. பொழுது சாய்ந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. ஜன்னல் இருட்டு.

தெருமுனையில் ஒருத்தி வந்தாள். நரைத்த முடி. முதுகில் சுருட்டிய தாள்கள், முழங்கால்வரை சேறு. என்னைக் கடந்து போய்ப் பையை இறக்கினாள், தோளைத் தேய்த்துக்கொண்டாள். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க? கதவு திறந்துதானே இருக்கு. உள்ள வந்து உட்கார்றதுதானே?"

என் வாய் "இல்லை, நீங்க இல்லாதப்போ எப்படி" என்று சொல்லிவிட்டது. திரையைப் பார்த்து! சத்தமாக!

அவள் உள்ளே போனாள். விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் புகை வந்தது.

மருமகள் என்ன தோன்றியது என்று கேட்கவில்லை. நல்லவேளை. மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

மார்ச் 27, வெள்ளி

காலையிலேயே போய்விட்டாள். சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. அலமாரியை ஒழுங்குபடுத்தினேன், அது ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தது.

மாலை திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தாள். வந்தவர்கள் இரண்டு பேர், ஒரு பெண்ணும் ஒரு ஆணும். அந்தப் பெண் நேரே நீலக் கதவைத் திறந்தாள், பெட்டியைத் திறந்தாள், படத்தை எடுத்துக்கொண்டு கணவாய்க்கு ஓடிவிட்டாள். "அஞ்சு நிமிஷம்கூட அந்த ஊர்ல நிக்கலை அத்தை." 

அடுத்து அந்த மனிதர் ஆடியிருக்கிறார். வாசலுக்கு வந்த சமயம் பார்த்து அவருக்குப் போன். கன்ட்ரோலரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனவர் எத்தனையோ நேரம் கழித்துத் திரும்பியிருக்கிறார். அதற்குள் அங்கே இருட்டிவிட்டது. உட்காரக்கூட இல்லையாம், வரைபடக்காரி வந்து "எவ்வளவு நேரமா நிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"அந்த ஆள் 'சாரி, ஒரு கால் வந்துடுச்சு'ன்னு அவகிட்ட சொல்றார் அத்தை! எல்லாரும் சிரிச்சுட்டோம். அப்புறம் அவர் அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. குடம் தூக்கற பொண்ணு பின்னாடியே போய் அவ வீடு எதுன்னு தேடறார்."

"கிடைச்சதா?"

"எங்க கிடைக்கும்? வரைபடக்காரிக்கு மட்டும்தானே செஞ்சோம். 'மத்தவங்களும் வீட்டுக்கு வருவாங்களா?'ன்னு கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள தாடி, 'வருவாங்க'ன்னுட்டான்."

தாடியா? தாடிதான். யார் முகத்தையும் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னானாம்.

முடிவு சொல்லச் சில நாள் ஆகும். இரண்டு பேருமாகச் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 2, வியாழன்

நிறுவனத்திலிருந்து பேசிவிட்டார்கள். பிடித்திருக்கிறதாம், வேலையைத் தொடரலாமாம். மருமகள் சமையலறைக்கு வந்து, அடுப்பை அணைத்துவிட்டு, என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நான் இதற்கெல்லாம் பழகியவள் அல்ல. அசையாமல் நின்றேன்.

ஏப்ரல் 8, புதன்

காலையில் மருமகளின் செல்போன் மேசைமேல் அடித்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். பிறர் போனைத் தொடுவது எனக்குப் பிடிக்காத காரியம். மூன்றாம் தடவையும் அடித்தபோது எடுத்தேன்.

வங்கிக்காரர். இனிமையாகப் பேசினார். மாதம் முடிந்துவிட்டது, பதில் வரவில்லை, நல்ல இடம், இப்போதும் அவளுக்காக வைத்திருக்கிறோம் என்றார்.

"ரொம்ப நன்றிங்க. வேற யாருக்காவது கொடுத்துடுங்க. அவளுக்கு இங்க வேலை இருக்கு" என்றேன். இன்னும் ஒரு வார்த்தை பேசிவிட்டு வைத்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவளிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்காமல் செய்தது தப்பு என்றும் சொன்னேன். அவள் துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன வேலைன்னு கேட்டாங்களா அத்தை?"

"கேட்டார். ஊரு கட்டறான்னு சொன்னேன்."