மோர்மிளகாயும் லீவு லெட்டரும்

ஜூன் 10, 2025, செவ்வாய்

சாரல் ஆரம்பித்துவிட்டது. தென்காசியில் இன்று எல்லார் முகத்திலும் சந்தோஷம், என்னைத் தவிர.

நேற்று வந்த மெயிலை என் மனைவி ஸ்ரீதேவி இன்று காலையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். பின்லாந்து. நாலு வருஷ ஆராய்ச்சிப் படிப்பு, உதவித்தொகையோடு. குடும்பத்தையும் அழைத்துப் போகலாம். செப்டம்பர் ஒன்றாம் தேதி சேர வேண்டும். ஆராய்ச்சி எதில்? பாறைப்பாசியில். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஐந்தருவிக்கு மேலே ஒரு பாறையில், கையில் லென்ஸைக் கொடுத்து அந்தப் பாசியை அவளுக்குக் காட்டியது யார்? நான். எம்.எஸ்ஸி. தாவரவியலில் வகுப்பில் முதல் ஆள் யார்? நான். அவள் இரண்டாவது. அப்புறம் நான் பி.எச்டி.க்குப் பதிந்து, ஆறு வருஷம் இழுத்து, பாதியில் விட்டேன். இப்போது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலைத்துளை படம் போட்டுக் காட்டுகிறேன்.

"மூணு பேரும்னா போவோம். ஒருத்தர் இல்லன்னாலும் நான் போகல," என்றாள்.

நல்லது என்றேன். வயிறு எரிகிறது. இங்கே எழுதியாச்சு, சரி.

ஜூன் 12, வியாழன்

காலண்டரின் பின்பக்கம் மூன்று பத்தி போட்டு, யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். அவள் பத்தியில் பதினெட்டு வேலை. மகள் கோமதியின் பத்தியில் நாலு. அதில் ஒன்று "பூனையை எதிர்வீட்டு ஜன்னத் அக்காவிடம் பழக்குதல்". என் பத்தியில் ஒன்றே ஒன்று: "லீவு, வெளிநாடு போக அனுமதி".

அரசு உதவி பெறும் பள்ளி வாத்தியார் நினைத்த நேரத்தில் விமானம் ஏறிவிட முடியாது. தலைமையாசிரியரிடம் கொடுத்து, அவர் மேலே அனுப்பி, அங்கிருந்து ஆர்டர் வர வேண்டும். அந்த ஆர்டர் இருந்தால்தான் எனக்கு விசா கேட்கவே முடியும்.

லெட்டர் எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று போட்டேன். வேறென்ன போட? பெண்டாட்டி படிக்கப் போகிறாள், பின்னால் போகிறேன் என்றா?

பையில் வைத்திருக்கிறேன். நாளை கொடுக்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

கொடுக்கவில்லை. தலைமையாசிரியர் ஆவுடைநாயகம் சார் அறையில் தனியாகத்தான் இருந்தார். இரண்டு தரம் அந்த வழியாக நடந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

குற்றால சீசன் வந்தால் சொந்தக்காரர்களும் வந்துவிடுவார்கள். வடகரையிலிருந்து அவள் சித்தப்பா, குடும்பத்தோடு. குளிக்க ஐந்தருவிக்குப் போனோம். ஈரத் துண்டோடு என் தோளில் கை போட்டு, "மாப்பிளைக்குப் பெரிய மனசு. எந்த ஆம்பள வேலைய விட்டுட்டுப் பொண்டாட்டி பின்னால போவான்?" என்றார். அவர் பாராட்டினாரா, குத்தினாரா? அவருக்கே தெரியாது.

பெண்கள் குளித்து வந்தபின் ஸ்ரீதேவி ஓரத்துப் பாறையில் கோமதியை உட்காரவைத்து, லென்ஸில் பாசியைக் காட்டிக்கொண்டிருந்தாள். "மொதல்ல கண்ணுக்குப் பக்கத்துல லென்ஸ வையி. அப்புறம் பாறைய நோக்கி நீ போ. லென்ஸ நகட்டாத." அப்படியே என் வார்த்தை. ஒரு சொல் மாறவில்லை. யாரிடம் கற்றாள் என்று அவள் சொல்வாள் என நின்றேன். சொல்லவில்லை. மங்குஸ்தான் வாங்கப் போவது போல் நகர்ந்துவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

"லீவு லெட்டர் குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாச்சு."

இவ்வளவுதான். பேனாவால் என் பத்தியில் ஒரு டிக் போட்டாள்.

ஜூலை 4, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் விஷயம் பரவிவிட்டது. பிரின்ஸ் சார், இயற்பியல், எனக்குக் கல்லூரியிலிருந்தே இருபது வருஷப் பழக்கம். "அங்கன போய் நீரு என்னவே செய்வீரு?" என்று கேட்டான். சோறு பொங்குவேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

லெட்டர் கொடுக்காவிட்டால் ஆர்டர் வராது. ஆர்டர் வராவிட்டால் நான் வர முடியாது. நான் வராவிட்டால் அவள் போக மாட்டாள், அவளே சொல்லியிருக்கிறாள். நான் தடுத்ததாக ஆகாது. ஆபீஸ் தாமதம் என்று ஆகும். எல்லாரும் நம்புவார்கள். பாண்டிராஜ், நீ இவ்வளவு மோசமானவனா? ஆமா போல.

ஜூலை 9, புதன்

பின்லாந்துக்குக் கொண்டுபோக வேண்டிய வத்தல் போட அவளுக்கு ஜூலையில்தான் நேரம் கிடைத்தது. சித்திரை வெயிலில் போட வேண்டியதைச் சாரலில் போட்டால் என்ன ஆகும்? சீனியவரைக்காயில் வெள்ளைப் பூசணம். மோர்மிளகாய் மூன்று நாளாக ஈரம் மாறாமல் கிடக்கிறது. "பூசணத்துல ஒரு பேப்பர் எழுதலாம்," என்றேன். சிரிக்கவில்லை. மின்விசிறிக்குக் கீழே மிளகாயைப் பரப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் பயம் இருக்கும் என்று இன்றுதான் தோன்றியது. தோன்றினாலும் மனம் இளகவில்லை.

சனிக்கிழமை நான் மிளகாயைத் திருவேங்கடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாம். அங்கே என் அக்கா பார்வதி இருக்கிறாள், வெயிலும் இருக்கிறது.

ஜூலை 12, சனி, திருவேங்கடம்

சங்கரன்கோவில் தாண்டியதும் வானம் பளிச்சென்று ஆகிவிட்டது. இந்த ஊருக்குச் சாரல் என்றால் என்னவென்றே தெரியாது.

மிளகாயும் மோருமாக இருந்த தூக்குச்சட்டியைப் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டு வந்தது என் தவறு. மோர் சிந்தி பை முழுக்க நனைந்துவிட்டது. நான் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். எழுந்து மாடிக்குப் போனால், பழைய வேட்டியில் மிளகாய் காய்கிறது. அதன் ஓரத்தில், நாலு மூலையிலும் கல் வைத்து, என் லெட்டர் காய்கிறது.

"ஏலே பாண்டி, பையத் தொறந்தேன், இதுவும் ஈரமா கெடந்துச்சு."

"அது ஜெராக்ஸ் அக்கா."

"ஜெராக்ஸா?" என்று ஒவ்வொரு மிளகாயாகத் திருப்பிப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "பேனால கையெழுத்துப் போட்டிருக்கு. பள்ளிக்கூடத்துல குடுத்தாச்சுன்னுல்லா தேவி போன்ல சொன்னா," என்றாள்.

நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

சாயங்காலத்துக்குள் மிளகாய் சலசலவென்று காய்ந்துவிட்டது. அக்கா டப்பாவில் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலே லெட்டரை மடித்து வைத்து மூடினாள். "தேவிதான் டப்பாவத் தொறப்பா. அதுக்குள்ள எடுக்கணும்னா எடுத்துக்கோ. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டப்பாவைத் திறந்து லெட்டரை எடுத்தேன். சட்டைப் பையில் வைத்தேன். மோர் நாற்றம், காரம். தென்காசி பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறினேன். ஏறும் முன் லெட்டரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. பொய்யை இன்னொரு மாதம் கட்டிக் காக்க எனக்குத் தெம்பில்லை, அதுதான் காரணமாக இருக்கும்.

தேவி டப்பாவைத் திறந்தாள். வாசித்தாள். தேதியைப் பார்த்தாள். என் பத்தியில் போட்ட டிக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு வரப் பிடிக்கலையா, நான் போறது பிடிக்கலையா?"

"ரெண்டாவது."

பதினாலு வருஷக் கல்யாணத்தில் இவ்வளவு சின்ன பதிலை இவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னதில்லை.

"அதச் சொல்லியிருக்கலாம்லா," என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

ஜூலை 14, திங்கள்

புது லெட்டர் கொடுத்தேன். ஆவுடைநாயகம் சார் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "சொந்தக் காரணம்னு போட்டா மேல இருந்து திரும்பி வந்துரும் சார். என்ன காரணமோ அத எழுதுங்க."

அவர் மேஜையிலேயே எழுதினேன். "என் மனைவி ஸ்ரீதேவியின் ஆராய்ச்சிப் படிப்பை முன்னிட்டு, அவருடன் செல்ல."

"ஒரு மாசம் முந்தி குடுத்திருந்தா நீங்க கெளம்புறதுக்குள்ள ஆர்டர் வந்திருக்கும். இனி ரெண்டு மூணு மாசம் ஆவும்," என்றார். தெரியும் சார்.

ஜூலை 18, வெள்ளி

நாலு நாளாகப் பேச்சில்லை. சோறு வருகிறது, குழம்பு வருகிறது, பேச்சு வரவில்லை. இன்று காலை சொன்னாள்:

"கோமுவும் நானும் போறோம். ஒங்களுக்கு ஆர்டர் வந்து, வரணும்னு தோணுச்சுன்னா வாங்க. இல்லன்னா இங்கனயே இருங்க. நான் கேக்க மாட்டேன்."

மூன்று பேர் என்றால்தான் போவேன் என்றவள். அந்த ஒரு வார்த்தைதான் என் கையில் இருந்த பூட்டு. அவளே கழற்றிவிட்டாள்.

ஜூலை 19, சனி

தாய் மட்டும் பிள்ளையை அழைத்துப் போக, தகப்பன் சம்மதக் கடிதம் வேண்டுமாம். காலையில் கேட்டாள். காலையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இதைப் பையில் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் போய் இருவரையும் விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். கோமதி அழுதாள், என்னைப் பிரிவதற்கு இல்லை, பூனைக்காக. தேவி என்னிடம், "வெளிய போம்போது கேஸ மூடிருங்க," என்றாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஐந்தருவிப் பாறைப் பாசியைப் படம் எடுத்து அனுப்பக் கேட்டிருந்தாள். போன ஞாயிறு லென்ஸோடு போனேன். தண்ணீர் குறைந்திருந்தது, கூட்டமும் இல்லை. முட்டி வலிக்கக் குனிந்து நாற்பது படம் எடுத்தேன். அவள் பேராசிரியர் ரொம்பப் பாராட்டினாராம். யாரை? அவளைத்தான். இன்னும் எரியத்தான் செய்கிறது. அடுத்த வாரம் எந்தப் பாறை என்று கேட்டு எழுதினேன்.

நவம்பர் 4, செவ்வாய்

ஆர்டர் வந்துவிட்டது. ஆசிரியர் அறையில் பிரின்ஸ் அதைப் பிடுங்கிச் சத்தமாக வாசித்தான். "மனைவியின் ஆராய்ச்சிப் படிப்பை முன்னிட்டு அவருடன் செல்ல..." வாசித்து முடித்ததும் வழக்கம் போல் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். "போயிட்டு வாரும்வே," என்று தாளை மடித்துத் தந்தான்.

ஆர்டரைப் படம் எடுத்து தேவிக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரமாகப் பதில் இல்லை. வகுப்பில் இருப்பாள். வீட்டுக்கு வந்தால், அடுப்படிக் கதவில் காலண்டர் தாள் இன்னும் அப்படியே ஒட்டியிருக்கிறது. என் பத்தியில் அவள் போட்ட பழைய டிக். அதன் பக்கத்தில் நான் ஒன்று போட்டேன்.

அப்புறம் பதில் வந்தது. ஜூலைக்குப் பிறகு அவள் கேட்காத கேள்வி.

"என்னைக்கு வாரீங்க?"

அதற்குக் கீழேயே இன்னொன்று: "மோர்மிளகா தீந்துபோச்சு. அக்காட்ட சொல்லுங்க."

விசா கிடைத்ததும் என்று அவளுக்கு எழுதிவிட்டு, அக்காவிடம் சொல்லிவிட்டேன். காய்ந்ததும் வாங்கி வர ஞாயிற்றுக்கிழமை திருவேங்கடம் போகிறேன்.