அம்மா கேட்விக்கில் இறங்குவாள்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
14 நவம்பர் 2025, வெள்ளி, காலை 7.10. வீட்டில் இரண்டு பேர், நானும் அப்பாவும்.

நந்தினிக்கு,

இங்கே அப்பா நலம், நான் நலம், அம்மாவும் நலம், ஆனால் அம்மா இங்கே இல்லை. உன் நலம் கேட்கிற வரியை விட்டுவிடுகிறேன், பதில் தெரிந்த கேள்விக்கு உன்னை எழுதவைக்க வேண்டாம். நீ போனை எடுப்பதில்லை, எடுக்க வேண்டியதும் இல்லை, மெயில் மட்டும் பார்க்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நந்தினிக்கு நாலு வரி எழுதுடா என்றார், என்ன எழுதுவது என்று கேட்டேன், நடந்தத எழுது, நமக்கு வேற என்னா தெரியும் என்றார். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

நேற்று உன்னிடம் வரக் கிளம்பிய அம்மா விமானம் ஏறவில்லை. ஹீத்ரோவுக்குப் போக வேண்டாம் என்று மட்டும் மாப்பிள்ளைக்குச் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. விமானம் ராத்திரி எட்டரைக்கு, மதியம் ஒன்றே முக்காலுக்குக் கார் எடுத்தால்தான் மீனம்பாக்கத்துக்குச் சரியாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை அந்த நேரம் ராகு காலம். போன வருஷம் உன்னை நேரம் பார்க்காமல் அனுப்பியதால்தான் குழந்தை தங்கவில்லை என்று அம்மா மனதில் வைத்திருக்கிறாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அங்கே டாக்டருக்கே காரணம் தெரியவில்லை என்று சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. காலை பதினொரு மணிக்கு நல்ல நேரத்தில் கைப்பையைக் கொண்டுபோய் எதிர்வீட்டுக் கஸ்தூரி அக்காவின் சாமி அலமாரி முன்னால் வைத்துவிட்டாள். பரஸ்தானம். பை வாசலைத் தாண்டிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டது, பிறகு ஆள் எப்போது கிளம்பினாலும் தோஷம் இல்லையாம். ரெண்டு புடவையை வைத்தால் போதாதா என்றேன், முக்கியமானது இருந்தாத்தான் செல்லும்னு சொல்லி, பாஸ்போர்ட் இருந்த பையையே வைத்தாள்.

கிளம்பும்போது நான் பையை எடுத்து டிக்கியில் வைத்துவிட்டதாக அம்மா நினைத்தாள், அம்மா மடியில் வைத்திருப்பதாக நான் நினைத்தேன். கஸ்தூரி அக்காவைக் கேட்டால், வருவாங்க வருவாங்கன்னு பாத்துனே இருந்தேன், கண்ணு, கார் போயிட்ச்சு, வேற பை எடுத்துனு போய்ட்டாங்க போலன்னு உட்டுட்டேன் என்கிறது. செஞ்சி, திண்டிவனம் எல்லாம் தாண்டித் தாம்பரம் வரைக்கும் யாரும் பையைப் பற்றிப் பேசவில்லை. விமான நிலைய நுழைவாசலில் நின்ற காவலர் பாஸ்போர்ட் கேட்டார். அது காலையிலயே கெளம்பிட்டுது சார் என்றாள் அம்மா. அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது, நல்லதாகப் போயிற்று. எனக்குக் கோபம்கூட வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வீட்டுக்கு வா என்றால் வரமாட்டேன் என்றாள், கிளம்பிய பயணத்தைப் பாதியில் விட்டு வாசல் மிதிக்கக் கூடாதாம். பல்லாவரத்தில் பெரியப்பா மகன் இளவரசன் அறையில் விட்டுவிட்டு, பையை எடுக்க நான் மட்டும் பஸ்ஸில் வந்தேன். யாரிடமாவது கொடுத்து அனுப்பச் சொன்னார் அப்பா, பாஸ்போர்ட் இனி என் கையை விட்டுப் போகாது என்று சொல்லிவிட்டேன். இன்று காலை பையைத் திறந்து பார்த்தால் பாஸ்போர்ட்டுக்கு அடியில் ஒரு எவர்சில்வர் டப்பா, பிரசவ லேகியம். போன் போட்டு இது எதற்கு என்று கேட்டேன். கொழந்த இல்லன்னாலும் பெத்த ஒடம்புதானடா அது, அதுக்குப் பத்தியம் வேணாமா என்றாள். லேகியத்தைக் கைப்பையில் விடமாட்டார்கள், பல்லாவரம் போனதும் அம்மாவின் பெட்டிக்கு மாற்றிவிடுவேன்.

இனி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. புது டிக்கெட் ஞாயிற்றுக்கிழமை காலை, துபாயில் மாறி அன்று சாயங்காலம் ஆறரைக்கு இறங்குகிறது, ஆனால் ஹீத்ரோவில் இல்லை, கேட்விக்கில். லண்டன் என்று பெயர் சொல்லிக்கொண்டு ஆறு விமான நிலையம் வைத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை பழக்கத்தில் ஹீத்ரோவுக்குப் போய் நிற்கப் போகிறார், இரண்டும் வேறு வேறு திசை. உங்கள் ஈஸ்ட் ஹாமிலிருந்து வைட்சேப்பல், அங்கே மாறி ஃபாரிங்டன், அங்கிருந்து கேட்விக்குக்கு நேராக ரயில் இருக்கிறது. ரயில் நிற்பது தெற்கு டெர்மினல், அம்மா வருவது வடக்கு, நடுவில் ஒரு குட்டி ரயில் இலவசமாக ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமையில் பாதை வேலை என்று ரயிலை நிறுத்துவார்களாமே, அதை முதல் நாளே பார்க்கச் சொல். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி சொல்லியிருக்கிறேன். காலு நல்லாத்தான இருக்குது என்று சண்டை போட்டாள். நாற்காலி காலுக்கு இல்லை, வழிக்கு, துபாயில் தள்ளிக்கொண்டுபோய்ச் சரியான கேட்டில் விட ஒரு ஆள் வேண்டும் என்றதும் ஒத்துக்கொண்டாள்.

யாரும் வர வேண்டாம், வந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று நீ அனுப்பியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒண்ணும் பண்ணமாட்டேன், பக்கத்துல படுத்துக்குவேன்னு சொல்லு என்றாள். சொல்லிவிட்டேன். நீ விமான நிலையத்துக்கு வர வேண்டாம், படுத்திரு, இது அம்மா சொன்னது, எனக்கும் அதுதான் சரி. அப்பாவின் ஆசீர்வாதம் உனக்கும் மாப்பிள்ளைக்கும். வேளைக்கு ரெண்டு வாய் சாப்புடச் சொல்லு, பசிக்கலன்னாலும் சாப்புடச் சொல்லு என்கிறார். மாத்திரையை நிறுத்தாதே, கதகதப்பாக இரு.

இனி நான் செய்யப்போவது:

1. பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இன்றைக்கே பல்லாவரம் போவேன். நேரம் பார்க்கமாட்டேன்.
2. ஞாயிறு காலை அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு, விமானம் கிளம்பியதும் மாப்பிள்ளைக்குச் சொல்வேன்.
3. வந்துசேர்ந்த செய்தி கிடைக்கும் வரை ஊருக்குப் பஸ் ஏறமாட்டேன். மாப்பிள்ளை அனுப்பினாலும் போதும். நீ அனுப்பினால் அப்பா தூங்குவார்.

அப்பா சொல்லி எழுதிய அண்ணன்,
வளவன்