அம்மா உறை தைக்காதது

லாபு,
திங்கள்

அன்புள்ள ஜோசலின் அக்காவுக்கு,

பெர்த்தில் நீயும் அத்தானும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அம்மா நலம். முழங்கால் வலி மட்டும் உண்டு. என் போன் எண்ணையும் நீ தடுத்துவிட்டாய். அதனால் தாளில் எழுதுகிறேன். கிழித்துவிடாதே.

போன வாரம் சிரம்பானில், லோபாக் பக்கம் உன் தோழி மாதவியைப் பார்த்தேன். அம்மாவுக்கு நீ அவளிடம் டேப்லட் கொடுத்தனுப்பியதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞாயிறு காலைதோறும் நீ அழைத்தாயாம். அம்மா எடுக்கவில்லையாம். உன் கல்யாணத்தை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை என்று முடிவு செய்து நிறுத்திவிட்டாயாம்.

நம் வீட்டுக் கணினிகளை நினைத்துப் பார். தோட்டத்து ஆபீசில் கழித்துப்போட்டதை அப்பா மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். மங்கிய பழுப்புப் பெட்டி. ரொட்டி டின் என்று சிரித்தாய். அம்மா அன்றைக்கே அதற்குப் பூப்போட்ட உறை தைத்தார். அடுத்தது கண்ணாடி போன்ற நீலப் பெட்டி. உள்ளிருப்பதெல்லாம் வெளியே தெரியும். அதற்காகவே ஆசைப்பட்டோம். அதையும் மூடினார், ஜரிகை ஓரம் வைத்து. என் வெள்ளை மடிக்கணினிக்கு நாடா வைத்த உறை. விடுதியில் அதை ஒளித்து வைத்தேன். நாம் வடிவத்தைப் பார்த்தோம், அம்மா தூசியைப் பார்த்தார். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் டேப்லட் எங்கே என்று கேட்டேன். அம்மா அலமாரியைத் திறந்தார். கல்யாணச் சேலையின் மடிப்பில் இருந்தது. சார்ஜ் இல்லாமல், கறுப்பாக.

“எவ்ளோ வழவழன்னு இருக்கு பாரு. ஒரு திருகாணி இல்ல, ஓட்ட இல்ல. இதப்போயி துணி தச்சு மூடுனா அசிங்கமா இருக்கும் லா. அக்கா வந்தா எங்க தட்டணும்னு கேட்டுக்கலாம்னு வச்சேன்.”

மாதவி வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அது போன் மாதிரி அடிக்கும், எடுக்க வேண்டும் என்று யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை.

சார்ஜ் போட்டேன். தவறிய அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. உன் சிறிய படம், மடியில் குழந்தை. அம்மா தொடப்போனார். கையை இழுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“கூப்பிட்டிருக்காடா. நான் பூட்டி வச்சிட்டேன்.”



உன்னுடையது கோயிலில் நடக்காத பதிவுத் திருமணம் என்பதால் அம்மா வராமல் இருந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. இது வேறு. எங்கே தொட வேண்டும் என்று தெரியாத அளவுக்கு அழகாகச் செய்திருக்கிறார்கள். நாமிருவரும் அந்த அழகைத்தான் இத்தனை வருடம் வியந்தோம்.

இப்போது மேசைமேல் இருக்கிறது, ஒயரோடு. அழைப்பு வந்தால் பச்சைப் பொட்டைத் தொட வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிறு பூசைக்குப் பதிலாக இனி சனிக்கிழமை மாலைப் பூசைக்கே சிரம்பானுக்குப் பஸ் ஏறப்போகிறாராம். ஞாயிறு காலையில் வீட்டில் இருக்க வேண்டுமாம்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் காக்கட்டும். மருமகன் நலமா என்று கேட்டு எழுதச் சொன்னார் அம்மா. மருமகன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து இப்போதுதான் கேட்கிறேன். கூப்பிடு அக்கா.

உன் தம்பி,
ஸ்டீவன்