உன் கைக்கு ஏற்ற கேமரா

இன்று காலை ராசிங்காபுரத்திலிருந்து ஒரு பெண் என் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். தையல் கடை வைத்திருப்பவள், இனிமேல் கல்யாணப் படம் எடுப்பதையே தொழிலாக்கிக்கொள்ளப் போகிறாளாம். மதுரையில் வாங்கிய கேமராவைப் பெட்டி பிரிக்காமல் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "எனக்கு இது சரியா வருமான்னு நீங்கதான்க்கா பாத்துச் சொல்லணும்" என்றாள். பெட்டியைத் திறந்ததும் கைப்பிடியில் ஒட்டியிருக்கும் புது ரப்பரின் வாசனை வந்தது. உனக்குப் பிடித்த வாசனை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நாம் இருவரும் போடியில் ஒரே ஸ்டுடியோவில் ஆல்பம் செய்துகொண்டிருந்த நாட்களில் கேமரா நம் கைக்கு வருவதே அபூர்வம். மணப்பெண் அறையில் சேலை கட்டும் நேரத்தில் ஆண்கள் போக முடியாது. அப்போது மட்டும் முதலாளி நம்மிடம் கேமராவைக் கொடுத்து அனுப்புவார். அந்தப் படங்களைத்தான் பெண் வீட்டார் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தார்கள். அதைக் கவனித்தவள் நீ. "நாமளே தனியா எறங்குவோம்டி" என்று முதலில் சொன்னவளும் நீதான். உன் அப்பா போடிமெட்டுக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டினார். உன் அம்மா அந்த ஜீப்பிலேயே ஏலக்காய் எடுக்கப் போவார். இந்த வேலையெல்லாம் பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு என்று அவர்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

எந்தக் கேமரா வாங்குவது என்று ஆறு மாதம் பேசினோம். எனக்கு விளம்பரத்தில் பெரிதாக எழுதியிருப்பதெல்லாம் பெரிதாகத் தெரிந்தது. நீ வேலையிலிருந்து யோசித்தாய். மண்டபங்கள் இருட்டு, அதனால் வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் புள்ளி புள்ளியாகப் போகக் கூடாது. குரங்கணிப் பக்கம் கல்யாணம் என்றால் சாரலும் மஞ்சும் இருக்கும், ஈரம் உள்ளே இறங்கக் கூடாது. மெமரி கார்டு இரண்டு போட இடம் வேண்டும். எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"ஒண்ணு செத்துப்போச்சுன்னா, மாப்பிள்ளைய மறுபடி தாலி கட்டச் சொல்லவா முடியும்?" என்றாய்.

மதுரைக் கடையில் விற்பனையாளர் மெகாபிக்சலை விட்டு இறங்கி வரவே இல்லை. நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, இருட்டில் எப்படி எடுக்கும் என்று காட்டுங்கள் என்றாய். அவர் மாடிப்படிக்குக் கீழே போய் நின்று படம் எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. பிறகு கண்ணாடி அலமாரியில் இருந்த கனமான கேமரா ஒன்றை எடுத்துத் தரச் சொன்னாய். கையில் வாங்கியதும், "கை நெறைய இருக்குடி" என்று சிரித்தாய். கண்ணுக்குக் கொண்டுபோனாய். அப்படியே அது உன் கையிலிருந்து நழுவியது. வாரைப் பிடித்து நான் தடுத்தேன். கை வேர்த்துவிட்டது என்றாய். உன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழிந்திருந்ததை அன்றைக்கே நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கேமராதான் கனம் என்று நினைத்தேன்.

அதனால் கனம் குறைந்த ஒன்றை வாங்கினோம். நீ கேட்ட இரண்டு கார்டு அதில் இருந்தது, இருட்டிலும் நன்றாக எடுத்தது. உன் கைக்கும் சரியாக இருக்கிறது என்று நம்பினோம். மூன்றாவது கல்யாணம் குரங்கணியில். தாலி கட்டும் நேரம், நீ முன்னால் மண்டியிட்டிருந்தாய், நான் பக்கவாட்டில் இரவல் வாங்கிய பழைய கேமராவோடு நின்றேன். கெட்டிமேளம் கேட்டது. உன் பக்கத்திலிருந்து கிளிக் சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தால், நீ கேமராவைக் கண்ணில் வைத்தபடி என்னைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாய். விரல் பொத்தானின் மேல்தான் இருந்தது. அது கீழே இறங்கவில்லை. அன்றைய தாலிப் படம் என்னுடையது, அதுவும் கொஞ்சம் கோணல். ஜீப்பில் திரும்பி வரும்போது, "நான் அமுக்குறேன்டி, அது அமுங்க மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னாய்.

பிறகு மதுரையில் பெரிய டாக்டரிடம் போனோம். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும் நோய் என்றார். மருந்து என்ன என்று உன் அப்பா மூன்று முறை கேட்டார். டாக்டர் மூன்று முறையும் பொறுமையாக ஒரே பதிலைச் சொன்னார்.

அன்றிலிருந்து நான் வேறு கேமரா தேட ஆரம்பித்தேன். இன்னும் கனம் குறைந்தது, பொத்தான் லேசாகத் தொட்டாலே அமுங்குவது, திரையைத் தொட்டாலே எடுப்பது, ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் போனிலிருந்து எடுப்பது. சாப்பிடும்போதும் பஸ்சில் போகும்போதும் அதே சோலிதான். ஒன்றைக் கண்டுபிடித்து, எங்கிருந்தாவது இரவல் வாங்கி, மெட்டு ரோட்டோரம் இருந்த உங்கள் வீட்டுக்கு ஓடி வருவேன். அதற்குள் உன் கை அதையும் தாண்டிப் போயிருக்கும். நீ ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்ப்பாய். எனக்காகத்தான் பார்த்தாய் என்று இப்போது புரிகிறது. ஒரு நாள், உன் பேச்சும் குழறத் தொடங்கியிருந்த நேரம், நான் கொண்டுவந்ததை நீ வாங்கவில்லை.

"எனக்குக் கேமரா தேடுறத விட்ருடி" என்றாய். "நீ ஒவ்வொண்ணா கொண்டாந்து நீட்டுறப்பத்தான், போன வாரம் முடிஞ்சது இந்த வாரம் முடியலன்னு தெரியுது."

நான் அழுதேன். உன் முன்னால் அழக் கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. என் கண்ணைத் துடைக்க நீ கையைத் தூக்கப் பார்த்தாய். அதுவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் எதையும் கொண்டுவரவில்லை. சும்மா வந்து உட்கார்ந்திருப்பேன். உன் பேச்சு முழுக்க நின்றுபோன பிறகு ஒரு நாள் மத்தியானம், நம் கேமராவைக் கண்ணால் காட்டினாய். ஸ்டாண்டில் மாட்டி, ஜன்னல் வழியே ரோட்டைப் பார்க்க வைத்தேன். திரையை உன் பக்கம் திருப்பினேன். கொஞ்சம் இடது, கொஞ்சம் கீழே என்று உன் கண் சொல்லச் சொல்ல நகர்த்தினேன். நீ கண்ணை மூடினால் நான் அமுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். பேசியது நான் மட்டும்தான்.

ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. லோடு வண்டிகள் போயின. பிறகு தோட்டத்திலிருந்து திரும்பி வந்த உன் அப்பாவின் ஜீப்பு வாசலில் நின்ற சத்தம் கேட்டது. உன்னைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டிருந்த உன் அம்மா எழுந்து வெளியே போனார். நான் உன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொல்லும் நொடியைத் தவறவிடக் கூடாது என்று ரோட்டைப் பார்க்கவே இல்லை. உன் முகத்தில் ஏதோ மாறியது. கண்ணை மூடினாய். அந்த முகத்தைப் பார்த்தபடியே இருந்துவிட்டு, ஒரு நொடி கழித்துத்தான் அமுக்கினேன்.

படத்தில் உன் அம்மா வீட்டைப் பார்த்துத் திரும்பி நடக்கிறார். அப்பா ஜீப்புக் கதவைச் சாத்துகிறார். அவ்வளவுதான் இருக்கிறது. நீ அதைத் திரையில் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய். கோபம் இல்லை. இன்னொன்று எடுக்கவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் போய்விட்டாய்.

காரியம் முடிந்த பிறகு உன் அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு ரோட்டில் என்ன நடந்தது என்று. "என்னத்தம்மா நடந்துச்சு, வண்டி வந்துச்சு, அவரு எறங்குனாரு" என்றார். அப்பாவிடமும் கேட்டேன். அவருக்கு அந்த நாளே நினைவில் இல்லை.

அந்த ரோட்டில் நீ எதையோ பார்த்தாய். என்னை எடுக்கச் சொன்னாய். அது உன்னோடு போய்விட்டது. அதற்கு அடுத்த நொடிதான் என்னிடம் இருக்கிறது.