உறைபனியில் இனித்த கீரை

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா? நான் இந்தக் குளிர் தேசத்தில் சுகமாகத்தான் இருக்கிறேன்.

கொல்லையில் கேல் என்றொரு கீரை போட்டிருக்கிறேன் என்றேனே, இன்று காலையில் பார்த்தால் அதன் சுருட்டை இலையெல்லாம் உறைபனி. செத்தே போச்சு என்று பதறி ஓடியதில் வழுக்கி, செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். சட்டென்று எழ முடியவில்லை. சும்மா ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். கசக்கிற கீரை இனிக்கிறது!

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தமிழ் அக்கா நின்றார்; இங்கே பஸ் ஓட்டுகிறவர். இதுவரை எங்களுக்குள் தலையசைப்போடு சரி.

"என்னம்மா, உக்காந்து மேயறியா?"

"இனிக்குதுக்கா! நீங்களும் கடிச்சுப் பாருங்க."

வேலி இடுக்கில் நான் நீட்டிய இலையை மென்றவர் கண்ணை அகல விரித்தார். "அட, ஆமா! எப்படி?"

போனில் தேடினோம். குளிரைத் தாங்கச் செடியே சர்க்கரை சேர்த்துக்கொள்ளுமாம். பிறகுதான் சுற்றி வந்து என்னைத் தூக்கிவிட்டார். குருத்தைத் தொடாமல் அடியிலைகளை மட்டும் இருவருமாகப் பறித்தோம். அப்படிப் பறித்தால் மேலே துளிர்த்துக்கொண்டே இருக்கும்.

கணுக்காலில் லேசான வீக்கம்தான், பயப்படாதீர்கள். தைலம் மட்டும் இரண்டு சீசா அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும் போனை அணைக்காமல் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். நீங்கள் இருவரும் சாப்பிடும் சத்தம் கேட்டால் நானும் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

ஆஸ்பத்திரி வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
பாப்பா அம்மா