பேருந்து திக்குகிறது

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மூடுபனி. துவைத்த துணி இன்னும் கொடியில். எரிவாயு பதிவு செய்ய வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஜே. காலையிலேயே பேருந்து ஓட்ட உட்கார்ந்துவிட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு எந்த வண்டியையும் தொடக் கூடாது என்பது மருத்துவர் ஆணை. ஆகவே, மகன் விட்டுச்சென்ற கேமிங் லேப்டாப்பில் ஓட்டுகிறார். ஏதோ அயல்நாட்டு மலைப்பாதை. இவருக்கு அது ஓட்டிப் பழகிய குன்னூர்-மேட்டுப்பாளையம் ரோடு; எந்த வளைவும் பர்லியார் திருப்பம்தான்.

"ஸ்டெல்லா, வண்டி திக்குது."

"வண்டியா, நீங்களா?"

கேட்டிருக்கக் கூடாது. முகம் வாடிவிட்டது. பார்வை விட்டுவிட்டுத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கோவைக்கு வர வேண்டும்: மருத்துவர் சொன்னது இருவருக்கும் மனப்பாடம்.

கண்ணாடி மாட்டிக்கொண்டு நானே பார்த்தேன். பேருந்து நின்றது, தாவியது, மறுபடி நின்றது. என் கண்ணுக்கும் திக்கியது. ஓர் இயந்திரக் கோளாறுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னது இதுவே முதல் முறை.

ஜூலை 9, புதன்

தூறல். எரிவாயு பதிவாயிற்று. மகன் இம்மானுவேல் தொலைபேசியில்.

"அம்மா, கிராஃபிக்ஸைக் குறைச்சுப் பாருங்க."

குறைத்தேன். மரங்கள் முட்டைக்கோஸ் ஆயின, திக்கல் அப்படியே. பின்னணியில் ஓடிய செயலிகளை நிறுத்தினேன். பயனில்லை. சார்ஜர் இணைப்பு, சரி. லேப்டாப்பின் மின்சேமிப்பு அமைப்பு, சரி.

"அப்பா எப்படிம்மா இருக்காரு?"

"லேப்டாப்பைப் பத்தி மட்டும் கேளு."

ஜே. பக்கத்து அறையில் வானொலியின் ஒலியைக் குறைத்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 10, வியாழன்

மழை. பால் திரிந்துவிட்டது. காரணம் கிடைத்தது.

திரையின் மூலையில் வெப்பநிலையும் விநாடிக்கு எத்தனை படம் என்பதும் தெரியும்படி இம்மானுவேல் செய்ய வைத்தான். அடுப்பு மாதிரிக் கொதிக்கிறது. ஜே. அதை மடியில், மடித்த கம்பளியின் மேல் வைத்து, ஈரம் ஏறாமலிருக்க ஓரங்களில் சால்வையும் செருகியிருக்கிறார். பூஞ்சைக்குப் பயந்து இந்த ஊரில் எதைத்தான் போர்த்தாமல் வைக்கிறோம்? அடியிலுள்ள காற்றுத் துளைகள் முழுக்கக் கம்பளிப் பிசிறு. சூடு ஏறியதும் இயந்திரம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. வெப்பவியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான்.

"குன்னூர்ல, மழைக்காலத்துல, சூடாகி நிக்குதுன்னு யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

"முழங்காலுக்கு இதமா இருந்துச்சு. அதான்."

"அதுக்கு வெந்நீர்ப் பை இருக்குங்க."

சிரித்தார். ஒரு பக்க உதடுதான் அசைகிறது. அது போதும்.

ஜூலை 11, வெள்ளி

சற்று நேரம் வெயில். துணி வெளியே.

ஓவியத் தூரிகையால் பிசிறை எடுத்துவிட்டு, கேக் ஆறவைக்கும் கம்பித் தட்டின் மேல் லேப்டாப்பை வைத்தேன். சூடு இறங்கிற்று. பேருந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. விநாடிக்கு அறுபது படம், ஒன்று குறையவில்லை. சாதித்த பெருமையோடு பக்கத்தில் நின்றேன்.

வளைவு வந்தது. நேராகப் பள்ளத்தில் இறக்கினார்.

"இன்னும் திக்குது ஸ்டெல்லா."

"எங்கீங்க?"

"இடது பக்கம் பூரா. காணாமப் போகுது, அப்புறம் வருது."

திரையில் பேருந்து கவிழ்ந்து சீராகப் புகைந்துகொண்டிருந்தது. மூலையில் படக் கணக்கு அறுபது. இமைக்காமல் அறுபது.

"மெஷின்தானே?"

இத்தனை வருடத்தில் என்னிடம் பொய் கேட்டு வாங்கியதில்லை இந்த மனிதர்.

"மெஷின்தாங்க. கோயமுத்தூர்ல நல்ல கடை இருக்கு. இப்பவே போயிரலாம்."

என்னைப் பார்த்தார், நான் இடது பக்கம் நின்றிருந்ததால் கழுத்தை முழுக்கத் திருப்பி.

"அப்ப லேப்டாப்பையும் எடுத்துக்கோ," என்றார். "கடைக்காரன் கேட்பான்."

டாக்ஸி மேலே ஏறி வந்துகொண்டிருக்கிறது. இம்மானுவேலுக்குச் செய்தி அனுப்பியாயிற்று. பையில்: மாத்திரைகள், பழைய ஸ்கேன், ஸ்வெட்டர். ஸ்கேன் உறை தெரியாதபடி மேலே லேப்டாப். சார்ஜர் ஒயரை அவரே, வலக்கையால், ஒழுங்காகச் சுருட்டித் தந்தார்.

ஹாரன்.