காற்று நின்ற மாலை

மார்கழி, அமாவாசைக்கு மறுநாள்.

ஒல்லாந்தர் கோட்டைக்குச் சுண்ணாம்பு சுடும் சூளைகளின் புகை பகலில் கடற்காற்றில் கலைந்துவிடும். பொழுது சாய்ந்தால் எங்கள் குப்பத்தின் மேல் படியும். அப்போதெல்லாம் அக்காவின் கைக்குழந்தைக்கு இளைப்பு கூடும். அவனை ஏரிக்கு அக்கரையில் புகை எட்டாத ஆரம்பாக்கத்துக்குக் கொண்டுபோக, ஏரி அடங்கட்டும் என்று நைனா காத்திருந்தார்.

இன்று மாலை காற்று தணிந்தது. “தண்ணி தூங்குது, வாங்க போலாம்” என்றார். கொஞ்ச தூரத்திலேயே இருந்த காற்றும் நின்று பாய் தொங்கிவிட்டது. அசையாத காற்றில் புகை தண்ணீர் மேல் இறங்கி எங்களை மூடியது. குழந்தையின் உதடு கறுத்தது.

“வலை போடத்தான் உனக்குக் காத்து பாக்கத் தெரியும் நைனா! புள்ள மூச்சுக்கு இன்னா தெரியும்?” என்று அக்கா அலறினாள்.

கழி ஊன்றித் திரும்பினோம். குழந்தை இன்னும் மூச்சுக்குத் தவிக்கிறான். நைனா படகை விட்டு இறங்கவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.